ரெண்டு கைக்கு ஒருக்கா ரைஸ் அடிக்கறவருகிட்ட எந்த சீட்ட வெச்சு நிக்கறது?

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. ஞாயித்துக்கெழம கம்பெனி லீவுல, ஊட்டு மொட்டமாடில ஆறு பேரு ஆளுக்கு 100 புளியங்கொட்டை வெச்சு டெக்ஸாஸ் ஹோல்டம் (ஆளுக்கு ரெண்டு சீட்டு குடுத்து ஆடற போக்கர் சீட்டாட்டம்) ஆடறாங்களாம், பிளைண்ட், அதாவது சீட்டு பாக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு கட்டாயமா வெக்கறது, 1-2, அதுல ஒரு அண்ணன் ரெண்டு கைக்கு (கைன்னா ஒரு ஆட்டம்) ஒருக்கா ரைஸ் அடிச்சு, அதாவது பந்தயத்த ஏத்தி, எல்லாத்தையும் தாட்டி உட்டர்றாராம், ஏஸ் ஜோடி வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா போதுமான்னு கேள்வி. காசு வெக்காம ஆடறது நெம்ப நல்லதுங்க தம்பி, ஆன்லைன்ல காசு வெச்சு ஆடறதுக்கு 2025ல மத்திய சட்டமே தடை போட்டிருச்சு.

பொறுத்திருந்தா ஆகாதுங்க. ஏஸ் ஜோடி சராசரியா 221 கைக்கு ஒருக்கா தான் வரும். ஆனா அதே கணக்கு அவருக்கும் உண்டுல்ல, அத யோசிங்க. ரெண்டு சீட்டு மொத்தம் 1326 விதமா வரலாம், அதுல ஒரு ஜோடியோ இல்லீனா ஒரு ஏஸோ இருக்கறது 270 தான், அஞ்சுல ஒண்ணு. அவரு பாதிக்குப் பாதி ரைஸ் அடிக்கறாருன்னா, அந்த நல்ல சீட்டு அத்தனையும் அதுக்குள்ள அடங்கியிருந்தாலும், பத்து ரைஸ்ல ஆறுல அவருகிட்ட ஜோடியும் இல்ல ஏஸும் இல்ல. நெசமாவே பாதிக்குப் பாதி தானான்னு ஒரு மணி நேரம் எண்ணிப் பாருங்க, சத்தமா பேசறவரெல்லாம் நெறைய கை ஆடறவரு கெடையாது.

எண்ணிப்பாத்து அப்படித்தான்னா, 9-9க்கு மேல எல்லா ஜோடியும், ஏஸ்-ஜாக்கிக்கு மேல, ராஜா-ராணி, இதெல்லாம் வெச்சு தைரியமா நில்லுங்க. சும்மா கால் பண்ணாதீங்க, அதாவது அவரு போட்ட அளவுக்கே போட்டு நிக்காதீங்க, அவரு 6 போட்டா நீங்க 18, 20னு ஏத்துங்க, பின்னாடி இருக்கறவங்க ஒதுங்கீருவாங்க, நீங்களும் அவரும் மட்டும் தான் மிச்சம். அவரு ஏஸ்-5 வெச்சு அடிச்சு உங்க ஏஸ்-ஜாக்கிகிட்ட மாட்டினா நூத்துக்கு 70 பக்கம் உங்களுக்குத் தான். அதுக்கும் மேல அவரு மொத்தத்தையும் தள்ளினா, 10-10க்கு மேல ஜோடியும் ஏஸ்-ராஜாவும் மட்டும் நிக்கட்டும், மத்தத கீழ வெச்சுட்டு ஒதுங்கிருங்க.

நெறைய பேரு தப்பு பண்ற எடம் ஒண்ணு இருக்குங்க. ரெண்டும் ஆட்டினா வந்த 7-6 பாத்தா ஆசையா தான் இருக்கும், ஆனா நடுவுல எல்லாருக்கும் பொதுவா விரிக்கற முதல் மூணு சீட்டுலயே (ஃப்ளாப்) ஃப்ளஷ், அதாவது அஞ்சு சீட்டும் ஒரே இனமா, முடியறது நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல, ஒவ்வொருக்கா 6 கொட்டை குடுத்துப் பாத்துட்டே இருந்தா கரைஞ்சிரும். 4-4 மாதிரி சின்ன ஜோடியும் அப்படித்தான், மூணாவது 4 ஃப்ளாப்ல விழறது எட்டொம்போது தடவைக்கு ஒருக்கா, ரெண்டு பேருகிட்டயும் கால் பண்றத போல 15, 20 மடங்கு கொட்டை இருந்தா மட்டும் பாருங்க.

அவருக்கும் உங்களுக்கும் நடுவுல நிதானமா ஆடற ஆளு ஒருத்தரு உள்ள வந்துட்டா இந்த கணக்கு செல்லாது, அப்ப ராஜா-ராணியக் கூட கீழ வெச்சுட்டு ஒதுங்கிருங்க.

அப்புறம் எடம். சீட்ட விட அது தான் பெருசுன்னு நான் சொல்லுவேன். அடுத்த வாரம் சித்த முன்னாடியே போயி அவருக்கு எடது கைப்பக்கம் உக்காந்துக்கங்க, அவரு போட்டதப் பாத்துட்டு நீங்க முடிவு பண்ணிக்கலாம்.