ராஃபிள்ஸ் பிளேஸில் வேலைப்பயிற்சி: முதல் நாளுக்கு முன் ஓர் ஒத்திகை

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகளுக்கு, சிங்கப்பூரின் அலுவலகக் கோபுரங்கள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் வேலைப்பயிற்சி என்றதும் பெற்றோர் கேட்பது, “அவ்வளவு கூட்டத்தில் எப்படிப் போய் வருவாள்?” என்பதுதான். கூட்டம் இருக்கும். ஆனால் உச்சநேரத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் வருகிறது. ஒன்றில் இடமில்லை என்றால் அடுத்ததில் ஏறிவிடலாம். முதல் நாள் தாமதமாவது பெரும்பாலும் ரயிலைவிட்டு இறங்கிய பிறகு. எந்த வாயிலில் ஏறுவது, எந்தக் கட்டடம், எந்த மின்தூக்கி என்று தேடியே இருபது நிமிடம் கரைந்துவிடும். உங்கள் மகளை அந்த இருபது நிமிடத்துக்குத் தயார்படுத்துங்கள்.

முதலில் முகவரி. அந்த வட்டாரத்தில் பெயர்கள் ஒன்றையொன்று குழப்பும். ‘ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ்’ ஒரு கட்டடம், ‘ஒன் ராஃபிள்ஸ் கீ’ வேறொரு கட்டடம். ‘ராஃபிள்ஸ் சிட்டி’ இருப்பதோ முந்தைய நிலையமான சிட்டி ஹாலில். மரினா பே நிதி மையத்தில் மூன்று கோபுரங்கள், மூன்றுக்கும் தனித்தனி அஞ்சல் குறியீடு. எனவே கட்டடத்தின் பெயரை நம்பாமல், பணி உறுதிக் கடிதத்தில் உள்ள ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை வரைபடச் செயலியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிலையம் பக்கம் என்பது அதில் தெரியும். டௌன்டவுன், தெலுக் ஆயர், தஞ்சோங் பகார், ஷென்டன் வே, மரினா பே எல்லாமே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. உட்லண்ட்ஸில் இருப்பவருக்கு அலுவலகம் ஷென்டன் வே அருகில் என்றால், சிவப்புப் பாதையில் (வடக்கு–தெற்கு ரயில் பாதை) போய் ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து நடப்பதைவிட, தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ரயில் மாறாமல் நேரே போவது நல்லது.

வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரம், வேலை நாளாகப் பார்த்து, அதே காலை நேரத்தில் ஒருமுறை போய்வரட்டும். ஞாயிற்றுக்கிழமை போனால் பயனில்லை: கூட்டம் இருக்காது, பல அலுவலகக் கட்டடங்களின் கதவும் மூடியிருக்கும். ராஃபிள்ஸ் பிளேஸ் நிலைய வாயில்களுக்கு ஏ, பி என்று எழுத்துகள் உண்டு. சில, நடுவிலுள்ள புல்வெளிக்குக் கொண்டுவிடும்; அங்கே பழைய ஜான் லிட்டில் கடையின் முகப்புப் போலக் கட்டியிருப்பது நிலைய வாயில்தான். வேறு சில, நிலத்தடி நடைபாதை வழியாக மரினா பே பக்கம் போகும். மழை நாளில் அதுவே வழி. நிலத்தடியில் கைப்பேசியின் நீலப் புள்ளியை நம்ப முடியாது. மேலே வந்தாலும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அது பக்கத்துத் தெருவைக் காட்டும். ஆகவே வாயிலின் எழுத்து, மேலே வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது, எந்த ரயில் கதவில் இறங்கினால் மின்படிக்கட்டு நேர் எதிரே வருகிறது, இந்த மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது கட்டடத்தின் கீழ்த்தளம். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முதல் நாள் அவளிடம் நுழைவு அட்டை இருக்காது. முகப்பில் பதிந்து, வருகையாளர் அட்டையோ கியூஆர் குறியீடோ பெற்றுத்தான் தடுப்பு வாயிலைத் தாண்ட முடியும். காலை 8.45 மணிக்கு மேல் அங்கே வரிசை நீளும். பிறகு மின்தூக்கி. புதிய கோபுரங்கள் பலவற்றில் உள்ளே மாடி எண்ணை அழுத்தும் பொத்தான் கிடையாது. வெளியே உள்ள திரையில் 24 என்று தட்டினால், ‘டி’ என்பதுபோல ஓர் எழுத்து வரும். அந்த எழுத்துள்ள கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும். இது தெரியாமல், திறந்திருக்கும் ஏதோ ஒன்றில் ஏறினால், அது யாரோ கேட்ட மாடியில்தான் நிற்கும். சில கட்டடங்களில் கீழ்மாடிகளுக்கும் மேல்மாடிகளுக்கும் மின்தூக்கி வரிசையே வேறு.

இதைத் தவிர்க்க, மூன்று நாளுக்கு முன்பே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு மகள் தன் கைப்பட ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்: எந்தத் தளம், யாரைச் சந்திக்க வேண்டும், அவருடைய தொலைபேசி எண் என்ன, முகப்பில் தன் பெயர் பதிவாகியிருக்கிறதா, அடையாள ஆவணம் எது தேவை. அவளுக்காக நீங்கள் எழுத வேண்டாம்.

நேரக் கணக்கை வேலை நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஈசூனில் வீடு, 9 மணிக்கு வேலை என்று வைத்துக்கொள்வோம். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு ரயிலில் ஏறத்தாழ 35 நிமிடம். 7.40க்கு நிலையத்தில் பயண அட்டையைத் தட்டினால் 8.20 வாக்கில் இறங்கலாம். நடந்து 8.30க்குக் கட்டடம், 8.45க்குள் பதிவு முடியும், மேலே போக 8.50 சரியான நேரம். வேலை நாளில் காலை 7.45 மணிக்கு முன் ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டினால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும். ஒவ்வொரு நாளும் சேர்ந்தால் மாதக் கடைசியில் கையில் நிற்கும் பணம் அது.

அட்டை விஷயத்தில் கவனம் தேவை. மாணவர் சலுகை, சலுகை அட்டையைத் தட்டினால்தான் கிடைக்கும். வங்கி அட்டையையோ கைப்பேசியையோ தட்டினால் பெரியவர் கட்டணம் பிடிக்கப்படும். உள்ளே போகும்போது கைப்பேசி, வெளியே வரும்போது கைக்கடிகாரம் என்று மாற்றித் தட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கானாலும் வெவ்வேறு பயணமாகவே கணக்காகும்.

ரயில் பழுதாகும் நாளும் வரும். இரண்டாவது வழி ஒன்று தெரிந்திருந்தால் பதற்றம் பாதியாகும். சிவப்புப் பாதையில் டோபி காட் பக்கம் கோளாறு என்றால், நியூட்டனில் இறங்கி நீலப் பாதையில் (டௌன்டவுன் பாதை) டௌன்டவுன் நிலையத்துக்கோ, ஆர்ச்சர்டில் தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு மாறி ஷென்டன் வேக்கோ போகலாம். நியூட்டனில் பாதை மாற, கட்டண வாயிலைத் தாண்டி வெளியே வந்து மறுபடி நுழைய வேண்டும். அதே அட்டையை 15 நிமிடத்துக்குள் தட்டினால் ஒரே பயணமாகக் கணக்கிடப்படும். தாமதம் உறுதியானதும் மேற்பார்வையாளருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும்: “சிவப்புப் பாதையில் ரயில் தாமதம். இப்போது நொவீனாவில் இருக்கிறேன். 9.20க்குள் வந்துவிடுவேன்.” காரணம், இருக்கும் இடம், வரும் நேரம் போதும். ரயில் நிறுவனத்தின் அறிவிப்பையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளட்டும். வந்து சேர்ந்தபின் நீட்டி விளக்குவதைவிட, 9 மணிக்கு முன்பே வரும் இந்த மூன்று வரிக்குத்தான் அலுவலகத்தில் மதிப்பு.

“முதல் நாளாவது காரில் கொண்டுபோய் விடட்டுமா?” என்று கேட்பீர்கள். ஆசை புரிகிறது, ஆனாலும் வேண்டாம். நெரிசலில் எப்போது போய்ச் சேர்வீர்கள் என்று சொல்ல முடியாது, இறக்கிவிட நிற்கும் இடமும் அரிது. மறுநாள் அவள் தனியாக ரயிலில் போகும்போது அதுவே அவளுக்கு முதல் நாளாகிவிடும். ஒத்திகைக்கு வேண்டுமானால் கூடப் போங்கள், வழியை மட்டும் அவளே கண்டுபிடிக்கட்டும். பகலில் தொலைபேசியில் அழைக்காமல் மதிய உணவு நேரத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்.

கையில் மெல்லிய மேலங்கி ஒன்று இருக்கட்டும். அலுவலகக் குளிர் வகுப்பறைக் குளிரைவிடக் கடுமையாக இருக்கலாம். புதுக் காலணி என்றால் ஒரு வாரம் முன்பே போட்டுப் பழகட்டும், இல்லாவிட்டால் முதல் நாளே குதிகால் கொப்பளிக்கும். ரயிலில் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது நல்லது. காலைப் பசியாறலை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி வரை அபராதம். மதியம் 12 முதல் 1.30 வரை லாவ் பா சாட், அமோய் ஸ்திரீட் உணவங்காடிகளில் உட்கார இடம் கிடைப்பது கடினம். முதல் வாரம் கட்டுச்சோறு கொண்டுபோவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் சக ஊழியர்கள் சாப்பிடக் கூப்பிட்டால், டப்பாவை மாலைக்கு வைத்துக்கொண்டு அவர்களோடு போகட்டும். வேலையைப் பற்றி அந்த மேசையில்தான் நிறையக் கேட்க முடியும்.

மாலையில் வடக்கே போகிறவர்களுக்குக் கொஞ்சம் வசதி உண்டு. சிவப்புப் பாதை ரயில் மரினா சவுத் பியரில் புறப்பட்டு ராஃபிள்ஸ் பிளேஸுக்கு மூன்றாவது நிலையமாக வருவதால், ஏற இடம் இருக்கும். தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பக்கம் போகிறவர்களுக்குப் பச்சைப் பாதை (கிழக்கு–மேற்கு பாதை) ரயில் மேற்கிலிருந்து ஆட்களோடு வருகிறது. அவர்கள் முதல் வாரம் 6 மணிக்கே முண்டியடிக்காமல், அன்று செய்த வேலையை நாட்குறிப்பில் எழுதிவிட்டு 6.45க்குக் கிளம்பலாம். வேலைப்பயிற்சி அறிக்கைக்கு அந்தக் குறிப்பு எப்படியும் வேண்டும்.