வாசகர் கேள்வி-பதில்: பயமும் தைரியமும்

கேள்வி: பயமே இல்லாதவர்தான் தைரியசாலியா?

பதில்: இல்லை. ஆபத்தை உணராமல் அதில் இறங்குவது அறியாமை. வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வீரர்களையும் பாராசூட் பயிற்சி பெறுபவர்களையும் ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன், பயம் இருக்கும்போதே பின்வாங்காமல் முன்னே போவதைத்தான் தைரியம் என்றார். ஆகவே கை நடுங்குகிறதே என்று உங்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நடுங்கும் கையோடு என்ன செய்தீர்கள் என்பதுதான் கணக்கு.

கேள்வி: ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழுகிறேன். வீட்டில் கோழை என்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போகவே முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்களைக் கோழை என்பது அநியாயம். மற்ற பயங்களில் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அதனால் பெரும்பாலும் மயக்கம் வராது. ரத்தம், ஊசி பற்றிய பயம் வேறு மாதிரி. அழுத்தம் முதலில் சற்று ஏறி, பிறகு சட்டென்று சரியும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. இந்த நேரத்தில் "உடம்பைத் தளர்த்திக்கொள்" என்பது தவறான யோசனை. தளர்த்தினால் அழுத்தம் இன்னும் இறங்கும்.

சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்த பயிற்சி இதற்கு நேரெதிர். நாற்காலியில் அமர்ந்து கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்குங்கள். முகத்தில் சூடு பரவுவது தெரியும். மூச்சை மட்டும் அடக்காதீர்கள். பிறகு 20 முதல் 30 விநாடி இயல்பு நிலைக்கு வாருங்கள், முழுக்கத் துவண்டுவிடக் கூடாது. இப்படி 5 முறை. தலைவலி வந்தால் இறுக்கத்தைக் குறையுங்கள். ஒரு வாரம் தினமும் பழகியபின் ரத்தம் உள்ள படம், அடுத்து வீடியோ, அதன்பின் வேறொருவருக்கு ரத்தம் எடுப்பதைப் பார்ப்பது எனப் படிப்படியாகப் போங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போதே எழுந்து ஓடிவிடுகிறார்கள். ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை படித்துக்கொள்ளும், அடுத்த முறை பயம் கூடும். பயம் தணியும்வரை அங்கேயே இருங்கள்.

பரிசோதனை நாளில் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் கை தளர்வாக இருக்கட்டும். கால்களையும் வயிற்றையும் மட்டும் இறுக்குங்கள். உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. ரத்தமோ ஊசியோ இல்லாமலே மயக்கம் வந்தால் அது வேறு பிரச்சினை, உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பொது இடத்தில் ஒருவரைத் துன்புறுத்துகிறார்கள். எல்லோரும் வேடிக்கை பார்க்க, நானும் நின்றுவிடுகிறேன். ஏன்?

பதில்: கூட்டமே ஒரு காரணம். 1968-இல் உளவியலாளர்கள் டார்லி, லடானே வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு வலிப்பு வருவதாக நம்பவைக்கும் குரலை ஒலிக்கவிட்டார்கள். தான் மட்டுமே கேட்பதாக எண்ணியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குமுன் உதவி தேடினர். இன்னும் 4 பேர் கேட்பதாக எண்ணியவர்களில் 31 சதவீதம்தான். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

"யாராவது வாங்களேன்" என்று கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சட்டை போட்டவரே, நீங்க போலீசுக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். துன்புறுத்துபவரோடு வாக்குவாதம் வேண்டாம். பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் போய் நின்று, தெரிந்தவர்போல் பேச்சுக் கொடுத்து அங்கிருந்து அழைத்து வாருங்கள். கத்தியோ வேறு ஆயுதமோ இருந்தால் நெருங்காதீர்கள். விலகி நின்று போலீசை அழையுங்கள்.