கணக்கில் கறாரான ராஜா

இங்கிலாந்தை 1100 முதல் 1135 வரை ஆண்ட நார்மன் அரசர் முதலாம் ஹென்றியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கே: பாகப்பிரிவினையில் நிலமே கிடைக்காத கடைசி மகன் அரசரானது எப்படி? அண்ணனைக் கொன்றுதான் என்கிறார்களே! (வாசகர், தஞ்சாவூர்)

ப: 1087-ல் தந்தை வெற்றிவீரர் வில்லியம் இறந்தபோது மூத்தவர் ராபர்ட்டுக்கு வட பிரான்ஸிலுள்ள நார்மண்டி, அடுத்தவர் வில்லியம் ரூஃபஸுக்கு இங்கிலாந்து, கடைக்குட்டி ஹென்றிக்கு 5,000 பவுண்டு வெள்ளி என்று பங்கு பிரிந்தது. ஹென்றி வெள்ளியை எடைபோட்டுச் சரிபார்த்தே வாங்கினார். காசில்லாமல் திண்டாடிய ராபர்ட்டுக்கு அதில் 3,000 பவுண்டைக் கொடுத்து, மேற்கு நார்மண்டியில் ஒரு பகுதியைத் தன் கைக்குக் கொண்டுவந்தார்.

1100 ஆகஸ்ட் 2 அன்று நியூ ஃபாரஸ்ட் காட்டு வேட்டையில் ரூஃபஸ் அம்பு பட்டு இறந்தார். வேட்டைக்குப் போனவர்களில் ஹென்றியும் ஒருவர். அண்ணனின் உடலை அப்படியே விட்டுவிட்டு, கஜானா இருந்த வின்செஸ்டருக்குக் குதிரையை விரட்டினார். 5-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டிக்கொண்டார். சந்தேகம் எழுவது நியாயம்தான். கொலை என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அதே காட்டில் அதே ஆண்டு மே மாதம் ராபர்ட்டின் மகன் ஒருவரும் வேட்டையில் அம்பு பட்டே இறந்திருக்கிறார். அவசரத்துக்கும் காரணம் வெளிப்படை: சிலுவைப் போருக்குப் போயிருந்த ராபர்ட் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்துவிட்டால் மூத்தவர் உரிமை பேசுவார். பேசவும் செய்தார். 1106 செப்டம்பர் 28 அன்று தான்ஷ்ப்ரே போரில் அவரைப் பிடித்து நார்மண்டியையும் எடுத்துக்கொண்ட ஹென்றி, 1134-ல் கார்டிஃப் கோட்டையில் சாகும்வரை அண்ணனை வெளியே விடவில்லை.

கே: பூஜ்யம் தெரியாத காலத்தில், ரோமன் எண்களை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வரிக்கணக்கை எப்படிப் பார்த்தார்கள்? (வாசகி, மதுரை)

ப: ஹென்றியின் ஆட்சியில் பார்க்க வேண்டிய இடமே இதுதான். அரசரின் வரிக்கணக்கைச் சரிபார்க்கும் கணக்கு மன்றத்தை அமைத்து நடத்தியவர் அவருடைய வலக்கையான சாலிஸ்பரி ஆயர் ரோஜர். அதன் நடைமுறையை விரிவாக எழுதி வைத்தவர் ரோஜருக்குப் பேரன் முறையாகும் ரிச்சர்ட். ஹென்றியின் பேரன் இரண்டாம் ஹென்றி காலத்தில் அங்கே பொருளாளராக இருந்தவர் அவர். கீழே வரும் அளவுகள் அவர் எழுதியவை.

மேசை 10 அடி நீளம், 5 அடி அகலம். காசு உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கோடு போட்ட கருப்புத் துணி. கோட்டுக்குக் கோடு ஓர் அடி அல்லது ஒரு சாண். வலமிருந்து இடமாகப் பத்திகள்: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அரசருக்கு வரி வசூலித்துக் கட்டும் ஷெரிஃப் உண்டு. அவர் கட்ட வேண்டிய தொகைக்கு மேல் வரிசையில் காசு அடுக்குவார்கள். கட்டியதற்குக் கீழ் வரிசை. அரசர் உத்தரவுப்படி செலவு செய்திருந்தால் அதற்கும் கீழே இன்னொரு வரிசை. பிறகு பத்தி பத்தியாக மேலிருந்து கழித்துக்கொண்டு வந்தால், மிஞ்சும் காசுதான் பாக்கி. காலியாக இருக்கும் பத்தி பூஜ்யத்தின் வேலையைச் செய்துவிடும். கணக்கர் மேசையின் நடுப்பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் கை எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பிரபுவும் கூட உட்கார்ந்து சரிபார்க்கலாம் என்பதுதான் இந்த முறையின் பெரிய பலம்.

ரசீது மரக்குச்சி. ஈஸ்டரில் ஒரு தவணை, செப்டம்பர் 29 மிக்கேல் திருநாளை ஒட்டி இறுதிக் கணக்கு. ஈஸ்டரில் கட்டியதைக் குச்சியில் வெட்டுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு வாற்கோதுமை மணி. பென்னிக்கு மரத்தைச் செதுக்காமல் வெறும் கீறல். பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து, கட்டியவருக்கு ஒரு பாதி, மன்றத்துக்கு மறுபாதி. ஷெரிஃப் தன் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டால் அடுத்த பாதியோடு பொருந்தாது. வேறு குச்சி கொண்டுவந்தால் மர இழை காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறை 1826 வரை நீடித்தது. மிஞ்சிய பழைய குச்சிகளை 1834-ல் உலையில் போட்டு எரித்தபோது லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே தீப்பிடித்துக்கொண்டது!

காசின் தரத்துக்கும் சோதனை உண்டு. ஷெரிஃப் கொண்டுவந்த காசைக் கலந்து 44 ஷில்லிங் எடுத்து, பையில் போட்டு முத்திரை வைப்பார்கள். அதிலிருந்து ஒரு பவுண்டு, அதாவது 240 பென்னி, உருக்கப்படும். உருக்குபவர் சீக்கிரம் எடுத்தால் மாசு தங்கும். தாமதித்தால் வெள்ளியும் போய்விடும். மிஞ்சிய வெள்ளிக் கட்டி ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பென்னி குறைகிறதோ, அத்தனை பென்னியை ஷெரிஃப் ஒவ்வொரு பவுண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். உருக்கியது தவறு என்று அவர் வாதிட்டால் இன்னொரு பவுண்டை உருக்கிப் பார்ப்பார்கள். ஹென்றி காலத்துக் கணக்குச் சுருள்களில் 1130-ஆம் ஆண்டுக்கானது மட்டும் இன்று மிஞ்சியிருக்கிறது.

கே: நாணயம் அடித்தவர்களின் கையை வெட்டினாராமே? (வாசகர், ஈரோடு)

ப: கை மட்டுமல்ல, விதைப்பைகளையும். 1124 கிறிஸ்துமஸுக்கு நாட்டில் நாணயம் அடிப்பவர்கள் எல்லோரும் வின்செஸ்டருக்கு வரவழைக்கப்பட்டார்கள். நார்மண்டியில் இருந்த அரசரின் ஆணையை ஆயர் ரோஜர் நிறைவேற்றினார். வெள்ளியில் மட்டமான உலோகத்தைக் கலந்தார்கள் என்பது குற்றம். ஒவ்வொரு காசின் பின்புறமும் அடித்தவர் பெயரும் ஊரும் இருந்ததால், கெட்ட காசு எந்தப் பட்டறையில் பிறந்தது என்று கண்டுபிடிப்பது எளிது. ஆனால் அந்த ஆண்டு தானிய விலையும் ஏறிக் கிடந்தது. காசுக்கு மதிப்பில்லாமல் போனதற்கு முழுப் பழியையும் நாணயம் அடித்தவர்கள் தலையில் கட்டுவது சரியல்ல.

நம்பிக்கை அதற்கு முன்பே ஆடிப்போயிருந்தது. உள்ளே செம்பா என்று பார்க்க மக்கள் காசைக் கீறிப் பார்ப்பார்கள். கீறிய காசை அடுத்தவர் வாங்க மாட்டார். அரசர் கண்ட வழி விநோதமானது: இனி எல்லாக் காசும் கீறலோடுதான் வெளிவர வேண்டும்! அப்படிக் கீறிய பென்னிகள் இன்றும் கிடைக்கின்றன.

கே: ‘வெண்கப்பல்’ ஏன் மூழ்கியது? (வாசகி, நாகர்கோவில்)

ப: குடி, இருட்டு, போட்டி. 1120 நவம்பர் 25 அன்று ஹென்றி நார்மண்டியின் பார்ஃப்ளர் துறைமுகத்திலிருந்து முன்னால் புறப்பட்டுவிட்டார். 17 வயது இளவரசர் வில்லியம், 50 துடுப்புக்காரர்கள் கொண்ட புதுக் கப்பலில் பின்தங்கி, மாலுமிகளுக்குத் திராட்சை மது ஊற்றிக்கொண்டிருந்தார். அரசரின் கப்பல்களை முந்த வேண்டும் என்று இரவில் வேகமாகத் துடுப்புப் போட்டதில், துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததுமே இடப்பக்கம் பாறையில் மோதியது. இளவரசரைச் சிறு படகில் ஏற்றி விலக்கிவிட்டார்கள். மூழ்கும் கப்பலிலிருந்து சகோதரி முறையாகும் ஒருத்தி கூப்பிட்டதைக் கேட்டுத் திரும்பினார். ஆளாளுக்குத் தாவி ஏறப் படகு கவிழ்ந்தது. ஏறத்தாழ 300 பேரில் ஆட்டுத்தோல் சட்டை போட்டிருந்த ருவான் நகரக் கசாப்புக்காரர் ஒருவர்தான் பிழைத்தார்.

திருமணத்துக்கு வெளியே இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தும், பட்டத்துக்கு உரிய மகன் அந்த ஒருவர்தான். மகள் மெடில்டாவை வாரிசாக ஏற்கும்படி 1127-ல் பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார் ஹென்றி. பயனில்லை. 1135 டிசம்பரில் அவர் இறந்ததும் சகோதரி மகன் ஸ்டீபன் கடலைத் தாண்டி வந்து, வின்செஸ்டர் கஜானாவைப் பிடித்து, டிசம்பர் 22 அன்று முடிசூடிக்கொண்டார். மாமா காட்டிய வழிதான். அந்த ஸ்டீபனும் வெண்கப்பலில் ஏறிவிட்டு, கூட்டம் பிடிக்காமலோ வயிற்றுப்போக்காலோ இறங்கியவர்!

கே: மீன் சாப்பிட்டுச் செத்தார் என்பது உண்மையா? (வாசகர், சேலம்)

ப: மருத்துவர் தடுத்தும் லாம்ப்ரே சாப்பிட்டார், அதன்பின் நோய் கண்டது என்று அக்கால வரலாற்றாசிரியர் ஹன்டிங்டன் ஹென்றி எழுதியிருக்கிறார். விலாங்கு போல நீண்ட, தாடையில்லாத உயிரினம் அது. வயது 67-ஐ ஒட்டி. உணவு நஞ்சானதா, ஏற்கெனவே உடம்பு தளர்ந்திருந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

இறந்தது டிசம்பர் 1, நார்மண்டியில். அடக்கம் செய்ய வேண்டிய இடமான, அவர் கட்டிய ரெடிங் மடம் கடலுக்கு அப்பால், இங்கிலாந்தில். ருவானில் குடல், மூளை, கண்களை எடுத்துப் புதைத்துவிட்டு, உடலை ஆங்காங்கே கீறி உப்புத் திணித்து மாட்டுத்தோலில் சுற்றினார்கள். நார்மண்டியின் கான் நகரில் கப்பலுக்கேற்ற காற்றுக்காகப் பல வாரம் காத்திருக்க, உப்பையும் மீறித் தோலிலிருந்து நீர் கசிந்தது. ஜனவரி 1136-ல்தான் அடக்கம். 1539-ல் மடம் ஒழிக்கப்பட்டபின் கல்லறை இருந்த இடமும் தெரியாமல் போனது.

கே: கெஜக்கோல் அவர் கை நீளமா? (வாசகர், காரைக்குடி)

ப: மூக்கு நுனியிலிருந்து கட்டைவிரல் வரை என்ற கதை பின்னால் சேர்ந்தது. வணிகர்களின் கள்ள அளவுகோலைத் தன் கை நீளத்தை வைத்துத் திருத்தினார் என்ற அளவில் அவர் காலத்து வரலாற்றாசிரியர் மாம்ஸ்பரி வில்லியமே எழுதியிருக்கிறார்.