ஸ்ட்ரிங்கோட நம்பர சேர்க்க ரஸ்ட் ஏன் விடமாட்டேங்குது?

வணக்கம்,

ரஸ்ட்ங்கிற புரோகிராமிங் மொழி கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன். ஒரு ஸ்ட்ரிங்கோட (டெக்ஸ்ட்டோட) நம்பர பிளஸ் போட்டு சேர்த்தா எரர் அடிக்குது. இப்ப எல்லா இடத்துலயும் நம்பர ஸ்ட்ரிங்கா மாத்துற டூ ஸ்ட்ரிங் போட்டு ஒட்டிக்கிட்டிருக்கேன். சி-ல இதே மாதிரி எழுதினா கம்பைல் ஆயிடுது. ரஸ்ட் மட்டும் ஏன் இவ்ளோ கெடுபிடி?

ஒரு வாசகர்

வணக்கம்,

சி-ல கம்பைல் ஆகுது, சரி, ஆனா ரன் பண்ணி அவுட்புட்ட பாத்தீங்களா? "மொத்தம்"னு எழுதி பிளஸ் 5 போட்டா "மொத்தம்5" வராது, பாய்ண்டர், அதாவது ஸ்ட்ரிங் மெமரில எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டுற முகவரி, அஞ்சு பைட் தள்ளிப் போயிடும், அவ்ளோதான். எழுத்துகள பைட்டா சேமிக்கிற யூடிஎஃப்-8 முறைல தமிழ் கோட்பாயிண்ட் (எழுத்து, துணைக்குறி ஒவ்வொண்ணுக்குமான எண்) ஒவ்வொண்ணும் மூணு பைட்டுங்கிறதால 'மொ'-ல இருக்கிற ஒகரக் குறியோட கடைசி பைட்டுல போய் நிக்கும், ஸ்கிரீன்ல குப்பை வரும். அதே இடத்துல 50 போட்டா ஸ்ட்ரிங்கயே தாண்டிடும், அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. இத நான் கம்பைலர் பண்ற பெரிய துரோகம்னே சொல்லுவேன். ரஸ்ட் எரர் குடுத்து நிறுத்துறது உங்களுக்கு பண்ற உதவிங்க.

ரஸ்ட்ல பிளஸ்ஸுக்கு இடது பக்கம் சொந்தமான ஸ்ட்ரிங் (மெமரிய தானே வச்சிருக்கிறது) இருக்கணும், வலது பக்கம் ரெஃபரன்ஸ் (சொந்தமாக்காம கடனா பாக்குறது), அதோட இடது பக்க ஸ்ட்ரிங்க பிளஸ்ஸே எடுத்துக்கும், அப்புறம் அந்த வேரியபிள நீங்க தொட முடியாது. நீங்க போடுற டூ ஸ்ட்ரிங் ஒவ்வொண்ணும் தற்காலிகமா ஒரு புது ஸ்ட்ரிங்குக்கு மெமரி வாங்கி உடனே தூக்கிப் போடுது. அதுக்கு பதிலா ஃபார்மேட் மேக்ரோ (கம்பைல் ஆகும்போது கோடா விரியுற கட்டளை) போடுங்க. எதையும் பறிச்சுக்காது, ரெஃபரன்ஸ் மட்டும் எடுக்கும், 2022ல வந்த ரஸ்ட் 1.58 வெர்ஷன்ல இருந்து வேரியபிள் பேர நேரா கர்லி பிராக்கெட்டுக்குள்ளயே எழுதலாம் (பேர் மட்டும்தான், கணக்கு போட முடியாது). எத்தன இலக்கம், முன்னாடி சைபர் வேணுமா எல்லாம் அங்கயே சொல்லிடலாம்.

லூப்ல ஆயிரக்கணக்குல வரிகள் கட்டுறீங்கன்னா ஃபார்மேட்டும் வேணாம், அது ஒவ்வொரு தடவையும் புது ஸ்ட்ரிங் தரும். வெளிய ஒரே ஸ்ட்ரிங் வச்சு, வித் கெப்பாசிட்டி போட்டு முன்னாடியே எடம் வாங்கிட்டு, ரைட் மேக்ரோவால அதுக்குள்ளயே எழுதுங்க. அதுக்கு எஃப்எம்டி மாட்யூல்ல இருக்கிற ரைட் ட்ரெய்ட்ட (ஒரு டைப் என்னென்ன செய்ய முடியும்னு சொல்ற பட்டியல்) இம்போர்ட் பண்ணணும், ஐஓ மாட்யூல்ல அதே பேர்ல இருக்கறத போட்டா ஸ்ட்ரிங்குக்கு வேலை செய்யாது, நெறைய பேர் மாட்டுறது இங்கதான்.

சி-லயே எழுதணும்னா, டெக்ஸ்ட்டையும் நம்பரையும் சேர்த்து பஃபர்ல (நீங்க ஒதுக்கி வச்ச மெமரில) எழுதுற எஸ்பிரிண்ட்எஃப் வேணவே வேணாம், பஃபர் சைஸ் அதுக்கு தெரியாது. சி99ல வந்த எஸ்என்பிரிண்ட்எஃப் போடுங்க, அது திருப்பித் தர்றது முழுசா எழுத எவ்ளோ நீளம் வேணும்ங்கிற கணக்கு, அது பஃபர் சைஸுக்கு சமமாவோ அதிகமாவோ இருந்தா டெக்ஸ்ட் வெட்டுப்பட்டிருக்குன்னு அர்த்தம். அந்த செக்க மட்டும் விட்டுடாதீங்க.