மூங்கில் சுவர் உளுத்துக் கொட்டுகிறது: நஷ்ட ஈடு கேட்கலாமா?

கேள்வி: மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே, வடகடல் பக்கம், நானும் கணவரும் நான்கு அறைகள் கொண்ட ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ராமேஸ்வரம் வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கை. மதுரையில் இன்டீரியர் வேலை செய்யும் கணவரின் உறவினர், சென்ற ஆண்டு ஜூனில் நான்கு அறைகளிலும் கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவரில் மூங்கில் ரோல் ஒட்டிக் கொடுத்தார். மொத்தம் ரூ. 2,80,000. இரண்டு லட்சம் கொடுத்துவிட்டோம். மழைக்காலம் முடிந்ததும் கடலைப் பார்த்த இரண்டு அறைகளில் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. ஜனவரியிலிருந்து மூங்கில் மாவாகக் கொட்டுகிறது. மூன்றாவது அறைச் சுவர் உள்சுவர்தான், ஓதமே (சுவர் ஈரம்) கிடையாது, அங்கேயும் கொட்டுகிறது. ஒரு விருந்தாளி தலையணையைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். ஒட்டிக் கொடுத்த உறவினரோ 'உப்புக்காற்றுக்கு நான் என்ன செய்ய' என்கிறார். போனை எடுப்பதில்லை. ஒரு காதுகுத்தில் எல்லார் முன்னாலும் எங்களைக் கேவலமாகப் பேசினார். அக்டோபரில் வந்து உட்கார்ந்துகொண்டு மீதி 80,000க்கு ஜனவரி 10 தேதியிட்ட காசோலையும் வாங்கிப் போய்விட்டார். தை அமாவாசைக் கூட்டத்துக்குள் எல்லாவற்றையும் பிய்த்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். காசோலையை பேங்கில் நிறுத்திவிட்டு, போலீசில் மோசடிப் புகாரும், 15 லட்சம் கேட்டு நுகர்வோர் வழக்கும் போடலாமா?

பதில்: காதுகுத்தில் நடந்ததைக் குடும்பத்துப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், சகோதரி. போன் எடுக்காததும் விருந்தாளி போட்ட படமும் உங்களுக்குப் பெரிய வலிதான், ஆனால் வழக்கில் அவற்றுக்கு வேலை இல்லை. போலீஸ் புகாரும் வேண்டாம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் மோசடி. இவர் பொருளைக் கொண்டுவந்தார், ஒட்டினார், வேலை சரியில்லை. ஸ்டேஷனில் உங்களை சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மூன்றாவது அறையில் ஓதம் கிடையாது, அங்கேயும் மாவு கொட்டுகிறது.

பூசணம் வேறு, உளு வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே புகாராக எழுதினால் தோற்பீர்கள். பூசணத்துக்கு ஈரம் வேண்டும். உங்கள் பக்கத்துக் கட்டடங்களில் உப்புத் தண்ணீரும் கடல் மணலும் எவ்வளவு கலந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சுவரில் உப்புப் பூத்து ஓதம் ஏறினால் அதற்கு மேல் எதை ஒட்டினாலும் கறுக்கும். 'சுவர் அவர்களுடையது, குறை சுவரில்தான்' என்று அவருடைய வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். மாவு கொட்டுவது அப்படி இல்லை. வெட்டிய மூங்கிலில் மாவுச்சத்து இருக்கும், உளுவண்டு அதைத் தேடித்தான் துளைக்கிறது. அதனால்தான் ஊரில் பந்தல் மூங்கிலைக் குளத்தில் ஊறப்போட்டு எடுக்கும் பழக்கம் வந்தது. இப்போது போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்துப் பக்குவம் செய்கிறார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரையக்கூடியது. ஆகவே ஈரச் சுவர் உள்ள அறைகளில், 'மருந்து போட்டுத்தான் கொடுத்தேன், உங்கள் ஓதம் அதைக் கரைத்துவிட்டது' என்று அவர் சொல்ல இடம் இருக்கிறது. மூன்றாவது அறையில் அந்தப் பேச்சு நிற்காது. காய்ந்த சுவரில் ஒட்டிய மூங்கில் குண்டூசி நுழையும் துளைகளோடு, வெளிர் மஞ்சளாகப் புது மாவைக் கொட்டுகிறது என்றால், அது பக்குவம் செய்யாத மூங்கில் என்று சொல்ல உங்களுக்குப் பலமான ஆதாரம். பூசணத்தை விடுங்கள், உளுவைப் பிடியுங்கள்.

அடுத்து, என்ன சொல்லி வாங்கினீர்கள் என்பது. 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதைத்தான் கேட்கும். எதற்காக வேண்டும் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்த உபயோகத்துக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லி 'அதுதான் வேண்டும்' என்று கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். உங்கள் முழுக் கடிதத்தைப் பார்த்தால், நீங்கள் ஏதோ ஒரு காபிக் கடைச் சுவரின் படத்தை அனுப்பி 'இதே மாதிரி' என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அது அரைகுறைதான். உங்களைக் காப்பாற்றுவது அவர் அனுப்பிய குரல் பதிவு: 'உப்புக்காத்துக்கு ஒண்ணும் ஆகாது, ட்ரீட்மெண்ட் பண்ணின மூங்கில், அஞ்சு வருஷத்துக்கு நான் கேரண்டி.' கொட்டேஷனில் 'இயற்கைப் பொருள், நிறம் மாறினால் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பது நிறத்துக்கு மட்டும்தான், மூங்கில் மாவாவதற்கு இல்லை.

அந்தப் பதிவு பழைய போனில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போனை விற்காதீர்கள், பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதில் நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டிய பகுதியும் உண்டு. பிப்ரவரியில் நீங்கள் அவருக்கு அனுப்பிய மாவுப் படமும் அதே போனில்தான் இருக்கிறது. குறையை உடனே தெரிவித்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் உங்களிடம் இல்லை. 'ரூம் சூப்பரா இருக்கு, எல்லாரும் கேக்குறாங்க' என்று முதல் மாதம் நீங்கள் அனுப்பியதும் அதில் இருக்கும். அதை அழிக்காதீர்கள். அவர் போனில் அது இருக்கத்தான் செய்யும்.

நுகர்வோர் ஆணையம் என்றால் எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபணை 'இது வணிகம், இவர்கள் நுகர்வோரே அல்ல' என்பதாகத்தான் இருக்கும். நீங்களும் கணவரும் உங்கள் உழைப்பில் பிழைப்புக்காக நடத்துகிறீர்கள் என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும். இன்னொன்று: சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு தரும் விளக்கத்தில் பழைய சட்டம் 'பொருள், சேவை' இரண்டையும் சொன்னது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள்' மட்டும்தான் இருக்கிறது. ஆகவே 'ஒட்டின வேலை சரியில்லை' என்று ஆரம்பிக்காமல், மூங்கிலே குறையுள்ள பொருள் என்று புகாரைக் கட்ட வேண்டும். இதற்கும் உளுதான் கைகொடுக்கும், பூசணம் கொடுக்காது. காலக்கெடு இரண்டு ஆண்டு. மாவைப் பார்த்த நாளிலிருந்து என்று வாதாடலாம்தான், ஆனால் ஒட்டிய நாளிலிருந்து எண்ணிக்கொள்வதே பத்திரம். அப்படிப் பார்த்தால் வருகிற ஜூன் வரைதான்.

இப்போது நான் உண்மையில் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். தை அமாவாசைக்குள் பிய்க்கப் போகிறீர்கள்.

இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழுகிற குழி இதுதான். கதவு பிளந்தால் கதவைக் கழற்றி அடுப்புக்குப் போட்டுவிட்டு, டைல்ஸ் தூக்கினால் உடைத்து ரோட்டோரம் கொட்டிவிட்டு, கையில் நாலு போட்டோவோடு வருவார்கள். போட்டோவில் மாவு தெரியும், மாவு ஏன் வந்தது என்பது தெரியாது. குறையைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க முடியும் என்றால் ஆணையம் மாதிரியை வாங்கி, முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது. அனுப்ப மாதிரி வேண்டுமே? அந்த மருந்தில் உள்ள போரான் மூங்கிலில் இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. மஞ்சள் சாற்றையும் அமிலத்தையும் வைத்துச் செய்கிற சோதனை உண்டு, போரான் இருந்தால் சிவக்கும். வீட்டில் நீங்களே செய்து பார்த்துப் படமெடுத்து அனுப்பாதீர்கள், அதற்கு மதிப்பில்லை. சொல்ல வந்தது, மூங்கில் கையில் இருந்தால் நிரூபிக்கக்கூடிய விஷயம் இது. இல்லையென்றால் உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை.

ஆகவே மூன்றாவது அறையைப் பூட்டுங்கள். உங்கள் கணவர் அங்கே மண்ணெண்ணெய் தடவிப் பார்க்கலாம் என்கிறாராம், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மண்ணெண்ணெய், வார்னிஷ், பூச்சிமருந்து எதுவும் அந்தச் சுவரில் படக்கூடாது. பட்டால், 'மேலே எதையோ தடவிக் கெடுத்துவிட்டார்கள்' என்பார்கள். மாவைக் கூட்டி எடுப்பதிலும் நிதானம் வேண்டும். படுக்கையை நகர்த்திவிட்டுத் தரையில் வெள்ளைத்தாள் விரித்து வைத்தால் நாலே நாளில் எவ்வளவு விழுகிறது என்று தெரியும், அதைத் தேதியோடு வீடியோ எடுங்கள். மற்ற மூன்று அறைகளைப் பிரிக்கலாம். சீசனை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நஷ்டத்தைக் குறைக்கும் வழி இருந்தும் குறைக்காதவருக்குத்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் கேள்வி வரும். ஆனால் பிரிப்பதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும்: இந்தத் தேதிக்குள் வந்து பார், வராவிட்டால் 1, 2, 4ஆம் அறைகளைப் பிரிப்போம், 3ஆம் அறை அப்படியே இருக்கும் என்று. ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், அதையே வாட்ஸப்பிலும் போடுங்கள். பிரிக்கும்போது உறவு இல்லாத ஒரு பொறியாளர் நிற்கட்டும், ஒவ்வொரு அறையிலிருந்தும் ஓரடிக்கு ஓரடித் துண்டை எடுத்து, உறையில் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போடட்டும். வழக்குப் போடும் அன்றே, வந்து பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கோரி மனு போட வேண்டும். அதுவரை ஒரு அறை வாடகை போகும். போகட்டும்.

காசோலைக்கு வருகிறேன். 'ஸ்டாப் பேமெண்ட்' கொடுத்தால் பிரச்சனை முடிந்தது என்று ஊரில் நினைக்கிறார்கள். அதுவும், காசோலை பணமாகாமல் திரும்புவதைக் குற்றமாக்கும் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவில் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1998லேயே சொல்லிவிட்டது. கணக்கில் பணம் இருந்தது, நிறுத்தியதற்கு நியாயமான காரணம் இருந்தது, அந்தக் கடனே இல்லை என்று நிரூபித்தால் தப்பலாம் என்பது 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நிரூபிக்கிற சுமை உங்கள் தலையில். 'ஜனவரியில் குறை தெரிந்தவர்கள் அக்டோபரில் ஏன் காசோலை கொடுத்தார்கள்?' என்று கேட்பார்கள். 'வந்து சரிசெய்து தருகிறேன் என்றார்' என்று நீங்கள் சொல்வீர்கள். அது எழுத்தில் இல்லை. அப்புறம், வழக்கு அவர் காசோலையைப் போடுகிற வங்கிக் கிளை இருக்கும் ஊரில், அதாவது மதுரையில் நடக்கும். 80,000 ரூபாய்க்காக நீங்களோ கணவரோ குற்றம் சாட்டப்பட்டவராக ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதுரைக்கு பஸ் ஏறுவீர்கள். குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் புகார்தாரராக ராமநாதபுரத்திலேயே நிற்கலாம். இரண்டில் எந்தக் கூண்டு வேண்டும் என்று பாருங்கள்.

ஆகவே 10ஆம் தேதிக்கு முன்பே நோட்டீஸில் 'மீதித் தொகையில் எதுவும் பாக்கி இல்லை, குறையால் ஏற்பட்ட நஷ்டம் அதைவிட அதிகம், காசோலையைப் போடாதே' என்று காரணத்தோடு எழுத வேண்டும். கணக்கில் 80,000 கிடக்கட்டும். மீறிப் போட்டால், பணத்தைப் போக விட்டுவிட்டு நுகர்வோர் வழக்கில் அதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மானப் பிரச்சனையாகத் தோன்றும். குற்ற வழக்கை விட அது மலிவு.

15 லட்சத்தை மறந்துவிடுங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணம் இல்லை, அதனால் கேட்பதை எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஆசை வருகிறது. வருமான இழப்பு கேட்டால் வருமானத்தைக் காட்ட வேண்டும். முன்பதிவு நோட்டு, வருமான வரிக் கணக்கு, உள்ளாட்சி அனுமதி, கரண்ட் இணைப்பு வீட்டுக் கட்டணத்திலா கடைக் கட்டணத்திலா என்பது வரை குறுக்கு விசாரணையில் வரும். கடலிலிருந்து கட்டடம் எவ்வளவு தூரம் என்றும் கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் உங்களிடம் சுத்தமான பதில் இருக்கிறதா என்று எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால் சமாதானத்துக்குத்தான் போகச் சொல்வேன். எல்லாம் நன்றாக நடந்தால் ஆணையத்தில் மூங்கிலுக்குக் கொடுத்ததில் பெரும் பகுதியும், மன உளைச்சலுக்குச் சிறு தொகையும், செலவுத் தொகையும் வரும். அவர் மேல்முறையீட்டுக்குப் போனால் அதுவும் இழுக்கும். நோட்டீஸும் குரல் பதிவும் பொறியாளர் அறிக்கையும் கையில் இருக்கும்போது உறவுக்குள் ஒரு பெரியவரை வைத்துப் பேசுங்கள். காசோலை உங்கள் கைக்குத் திரும்பி வர வேண்டும், மேற்கொண்டு 50,000, 60,000 கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பிரித்து எடுக்கும் கூலியை அவர் ஏற்றால் இன்னும் நல்லது. மூங்கிலை மறுபடி ஒட்டித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்தச் சுவருக்கு அது ஆகாது.

உறவு என்பதால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் சமாதானத்தைப் பதிவு செய்தால், அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதில் காசோலை எண்ணையும் தேதியையும் எழுதி, அசல் காசோலை உங்கள் கைக்கு வந்துவிட்டது என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தொகை முழுதாக வரும் வரை மூன்றாவது அறைச் சுவரில் கை வைக்காதீர்கள்.