நாய் மலம் தின்கிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே புகார். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நாயின் வயது, எடை, தினசரிச் சாப்பாடு, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி, இந்த நான்கும் இல்லாத கடிதத்துக்குப் பாதிப் பதில்தான் தர முடியும்.

கே: 3 மாத லாப்ரடார் குட்டி, 9 கிலோ. கம்பெனி உணவு, நாளைக்கு மூன்று வேளை. மலம் போன கையோடு திரும்பி அதையே தின்றுவிடுகிறது. சத்துக் குறைவா டாக்டர்? (வாசகி, கோவை)

ப: குட்டிகளுக்கான நல்ல உணவு சரியான அளவில் போகிறதென்றால் சத்துக் குறைவாக இருக்க வாய்ப்பு குறைவு. குட்டிகள் எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். லாப்ரடாருக்குப் பசியும் கூடுதல். நாலில் ஒன்றுக்கு வயிறு நிறைந்தது தெரியாமல் போகும் மரபணு மாற்றமே இருக்கிறது. பல குட்டிகள் ஒரு வயதுக்குள் விட்டுவிடும். அதுவரை சும்மா இருந்தால் சில நாய்களுக்குப் பழக்கம் ஊறிவிடும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2018ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் ஆறில் ஒரு நாய் அடிக்கடி மலம் தின்பது தெரிந்தது. அவை பெரும்பாலும் 2 நாளுக்கு உட்பட்ட புது மலத்தையே தின்றன. ஆகவே முதல் வேலை ஒன்றுதான்: மலம் தரையில் கிடக்கக் கூடாது.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள்ளும், விளையாடி முடித்ததும் குட்டி போகும். அந்த நேரங்களில் கயிற்றோடு வெளியே கூட்டிப்போங்கள். முதுகை வளைத்து உட்காரும்போது பேச வேண்டாம். முடித்து நிமிர்ந்ததுமே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டை மூக்குக்கு நேரே காட்டி, நாலடி தள்ளி அழைத்து வந்து கொடுங்கள். அதற்குப் பிறகுதான் மலத்தை அள்ள வேண்டும். நீங்கள் பதறிக் குனிந்தால் குட்டி போட்டிக்கு வரும். தவறாமல் செய்தால் சில வாரங்களில் முடித்த உடனே உங்களைப் பார்த்து ஓடிவரும்.

பூச்சி மருந்துத் தேதியை எழுதவில்லை. பிறந்த 2 வாரத்தில் தொடங்கி 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்கு மேல் 3 மாதத்துக்கு ஒருமுறை.

கே: எங்கள் நாய் மலம் தின்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்? (சேலம்)

ப: என்ன நாய்? எத்தனை வயது? யாருடைய மலம், தன்னுடையதா, தெரு நாயினுடையதா? மேலே கேட்ட நான்கில் ஒன்றுகூட இல்லை. மருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: மேற்சொன்ன ஆய்விலேயே, இதற்கென்று கடையில் விற்கும் பொடிகளும் மாத்திரைகளும் பலன் தந்தது நூற்றுக்கு இரண்டு நாய்களுக்கு மேல் இல்லை. அந்தக் காசில் நல்ல கயிறும் மலம் அள்ளும் பைகளும் வாங்குங்கள்.

கே: அன்னாசி கொடுத்தால் நிற்குமா? மலத்தின் மேல் மிளகாய்ப்பொடி தூவலாமா? (இரண்டு வாசகர்கள்)

ப: அன்னாசியால் நின்றது என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டு சிறு துண்டு கொடுத்தால் கெடுதலும் இல்லை. மிளகாய்ப்பொடி கூடவே கூடாது. கண்ணும் மூக்கும் எரியும், வயிறு புண்ணாகும். தூவ நேரம் இருக்கிறவருக்கு அள்ளவும் நேரம் இருக்கும்.

கே: 2 வயது சிப்பிப்பாறை, 18 கிலோ. எங்கள் வீட்டில் சைவம். தயிர்சாதமும் பால் பிஸ்கட்டும்தான். தன் மலத்தையும் தின்கிறது, மெலிந்துகொண்டும் போகிறது. (வாசகர், விருதுநகர்)

ப: இங்கே சாப்பாட்டில்தான் முதல் சந்தேகம். சிப்பிப்பாறை ஒல்லியான இனம், கடைசி ஒன்றிரண்டு விலா எலும்பு தெரிவது இயல்பு. ஆனால் முன்பு இருந்ததைவிட மெலிகிறது என்றால் அது வேறு. 18 கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 1000 கலோரி தேவை. தயிர்சாதத்தில் வயிறு நிறையும், புரதம் நிறையாது. வீட்டில் சமைக்க முடிந்தால் 200 கிராம் எலும்பில்லாத கோழி, 2 முட்டை, 300 முதல் 400 கிராம் சாதம், கொஞ்சம் பூசணி அல்லது கேரட், எல்லாம் வேகவைத்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இதில் கால்சியம் போதாது. அளவை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அசைவம் முடியாது என்றால் கம்பெனி உணவுதான் வழி. எதுவானாலும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வெங்காயம், பூண்டு, மசாலா, வேகவைத்த எலும்பு கூடாது.

அசுரப் பசி, எடை குறைதல், வெளிறிய எண்ணெய்ப் பசையோடு குவியல் குவியலாக மலம், இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் கணையம் செரிமான நொதி சுரக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டில் அதிகம், மற்ற இனங்களிலும் வரும். இரத்தப் பரிசோதனையில் தெரியும். நொதிப் பொடியை உணவில் கலந்து ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். முதலில் மலப் பரிசோதனை செய்து புழு இருக்கிறதா பாருங்கள்.

கே: 7 மாத பீகிள். மலம் தின்னும்போது பிடித்து, மூக்கை அதிலேயே தேய்த்து இரண்டு அடி போட்டால் பழக்கம் போகும் என்று மாமனார் சொல்லி, சில மாதமாக அப்படித்தான் செய்கிறோம். இப்போது கட்டிலுக்கு அடியில் போய் மலம் போய்விட்டு, நாங்கள் பார்ப்பதற்குள் தின்றுவிடுகிறது. (வாசகி, திருச்சி)

ப: இன்றோடு நிறுத்துங்கள். வாராவாரம் இந்த மூக்குத் தேய்ப்பு ஏதாவது ஒரு கடிதத்தில் வந்துவிடுகிறது. அது எந்த நாயையும் திருத்துவதில்லை, ஒளிந்துகொள்ள மட்டுமே கற்றுக்கொடுக்கிறது.

நாய் என்ன புரிந்துகொள்கிறது என்று பாருங்கள். "மலம் தின்றதற்கு அடி" என்று அதற்குத் தெரியாது. "மலமும் மனிதரும் ஒரே இடத்தில் இருந்தால் அடி விழும்" என்றுதான் தெரியும். மனிதரை அதனால் அகற்ற முடியாது, மலத்தை அகற்ற முடியும். வேகமாக விழுங்கிவிடுகிறது. அல்லது நீங்கள் இல்லாத இடம் தேடிப் போகிறது. நீங்கள் வெளியே கூட்டிப்போகும்போது அடக்கிவைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போவதும் இதனால்தான். அதைப் பிடிவாதம் என்று நினைத்து இன்னும் இரண்டு அடி விழும். பயம் கூடும், ஒருநாள் கையைக் கடிக்கும். அதன் பிறகு நாயை எங்காவது கொண்டு விட்டுவிடுவார்கள். இத்தனைக்கும் தொடக்கம் மூக்கைத் தேய்த்த அந்தக் கைதான்.

நாளெல்லாம் கூண்டிலோ பால்கனியிலோ பூட்டி வைக்கிறவர்களும் இதே பழக்கத்தைத்தான் வளர்க்கிறார்கள். படுக்கிற இடத்திலேயே மலம் கிடந்தால், வேறு வேலையும் இல்லாவிட்டால், நாய் அதைத் தின்னத்தான் செய்யும். விற்பனைக் கூண்டுகளில் அழுக்கோடு வளர்ந்த குட்டிகள் பல, இந்தப் பழக்கத்தோடுதான் வீட்டுக்கு வருகின்றன. அது குட்டியின் குற்றம் இல்லை.

செய்ய வேண்டியது: முதல் நாள் குட்டி வந்ததுபோலத் திரும்பத் தொடங்குங்கள். படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். கட்டிலடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாடையை உடைக்கும் நொதிக் கிளீனர் போடுங்கள். பினாயில் மணம் உங்களுக்குத்தான், நாய்க்கு அடியில் உள்ள வாடை தெரியும். 5 மீட்டர் நீளக் கயிற்றில் வெளியே கூட்டிப்போய், உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். முடித்ததும் மென்மையாகக் கூப்பிட்டுக் கோழித் துண்டு கொடுங்கள். வாயில் மலத்தோடு பிடிபட்டாலும் துரத்தாதீர்கள், கத்தாதீர்கள். நாலைந்து துண்டை எதிர்ப்பக்கம் தரையில் வீசிவிட்டு, அது பொறுக்கும்போது சுத்தம் செய்யுங்கள். பயம் தெளிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். மாமனாரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் அடித்தாலும் மற்றவர் செய்வது வீண்.

கே: நடைக்குப் போகும்போது தெரு நாய் மலத்தைக் கவ்வுகிறது. 1 வயது இண்டி (நாட்டு நாய்), 15 கிலோ. வாய்க்கூடு போடலாமா? (சென்னை)

ப: "விடு" பழக்குங்கள். மூடிய கையில் துண்டை வைத்து நீட்டுங்கள். நக்கும், சுரண்டும், கையைத் திறக்காதீர்கள். முகத்தைப் பின்னுக்கு இழுத்த நொடியில் "சரி" என்று மறு கையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். நாளைக்கு இரண்டு முறை, 5 நிமிடம். தானாக விலகத் தொடங்கியதும் "விடு" என்ற சொல்லைச் சேருங்கள். பிறகு தரையில் வைத்துக் காலால் மறைத்து, பிறகு தெருவில். கட்டளையை மட்டும் நம்ப வேண்டாம், கயிறு கையில் இருக்கட்டும்.

வாய்க்கூடு என்றால் கம்பிக்கூடை வகை மட்டுமே. வாயை இறுக்கும் துணி வகையில் நாயால் நாக்கை நீட்டி மூச்சிரைக்க முடியாது. நம் வெயிலில் உயிருக்கே ஆபத்து. தடுப்பூசி முடியாத குட்டியாக இருந்தால் தெரு மலம் பக்கமே விடாதீர்கள். குடலைத் தாக்கும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். வாந்தி, இரத்தக் கழிச்சல் என்றால் அன்றே டாக்டர்.

கே: ராஜபாளையம் நாய், 4 வயது. ஆட்டுப் புழுக்கையைத் தின்கிறது. (தென்காசி)

ப: பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆடு, மாட்டுக்கு ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து கொடுத்திருந்தால் மட்டும் இரண்டு மூன்று வாரம் பட்டிப் பக்கம் விடாதீர்கள். குறிப்பாகக் கோலி (Collie) வகை மேய்ச்சல் நாய்களுக்கு அது நரம்பைத் தாக்கும்.

கே: 9 வயது பொமரேனியன், 6 கிலோ. தோல் அரிப்புக்கு பிரட்னிசோலோன் தொடங்கிய பிறகு இந்தப் பழக்கம் வந்திருக்கிறது. (மதுரை)

ப: தெளிவாக எழுதியதற்கு நன்றி. அந்த மருந்து ஒரு ஸ்டீராய்டு, பசியைத் தூண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்; ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் நாய் சுருண்டுவிடும். டாக்டரிடம் சொல்லி அளவைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா கேளுங்கள். அதே உணவை நாலு வேளையாகப் பிரித்து, வேகவைத்த பீன்ஸ் சேருங்கள். மருந்து எதுவும் இல்லாமல் வயதான நாய் திடீரென இதைத் தொடங்கினால் சர்க்கரையும் ஹார்மோனும் பரிசோதிக்க வேண்டும்.

கே: குட்டி போட்ட தாய் நாய், குட்டிகளின் மலத்தைத் தின்கிறது. தடுக்கலாமா?

ப: தடுக்காதீர்கள். படுக்கையைச் சுத்தமாக வைப்பது தாயின் வேலை. குட்டிகள் கெட்டி உணவு தின்னத் தொடங்கியதும் பெரும்பாலும் விட்டுவிடும்.

கே: பூனையின் மணல் தட்டில் நாய் வாய் வைக்கிறது.

ப: தட்டைப் பூனை மட்டும் ஏறும் உயரத்தில் வையுங்கள். கட்டியாகும் மணலை நிறைய விழுங்கினால் குடல் அடைக்கும். குழந்தையின் டயப்பருக்கும் இதே எச்சரிக்கை. உள்ளே இருக்கும் ஜெல் வயிற்றில் ஊதும். விழுங்கிவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.