கேஷ் கிளியர் பண்றதுக்கு முன்னாடி: உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: ஐட்டம் விலைய மாத்தி சேவ் பண்ணேன். ஒரு தடவ புது விலை வருது, ரெஃப்ரெஷ் பண்ணா பழசு, மறுபடி பண்ணா புதுசு. ஏன்?

எத்தன அப்ளிகேஷன் சர்வர் ஓடுதுன்னு பாருங்க. ஒவ்வொண்ணும் டேட்டாவ சீக்கிரம் எடுக்க தன் மெமரில தனி காப்பி வச்சிருக்கும், அதான் கேஷ் (cache), நீங்க சேவ் பண்ண சர்வர் தன்னோடத மாத்திக்கும், மத்ததுக்கு தகவல் போய் சேரல, லோடு பேலன்சர் உங்கள மாத்தி மாத்தி அனுப்புறதால இப்படி தெரியுது. லோடு பேலன்சர விட்டுட்டு ஒவ்வொரு சர்வரையும் அதோட போர்ட்ல நேரா திறந்து அதே ஐட்டத்த பாருங்க, பழச காட்டுறது எதுன்னு மாட்டிக்கும். எஸ்ஏபி (SAP) ஈஆர்பி சாஃப்ட்வேரா இருந்தா கொஞ்சம் பொறுங்க. அங்க மாத்தின சர்வர் டிடிலாக் (DDLOG)ங்கற டேபிள்ல எழுதி வைக்கும், மத்ததெல்லாம் அத அப்பப்ப படிச்சுக்கும், டிஃபால்ட் இடைவெளி 60 செகண்ட். அதுக்கப்புறமும் பழசே நின்னா தான் பிரச்சனை.

கேள்வி: அவசரத்துக்கு டேட்டாபேஸ்லயே அப்டேட் குவெரி போட்டோம். செலக்ட் பண்ணா சரியா இருக்கு, ஸ்க்ரீன்ல பழசு தான் வருது.

ஹைபர்னேட் (ஜாவா புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல இருக்கற லைப்ரரி) செகண்ட் லெவல் கேஷ் மாதிரி ஏதாவது ஆன்ல இருக்கும். நீங்க பின்வாசல் வழியா மாத்தினது அதுக்கு எப்படி தெரியும்? ஆனா பழசு தெரியறதோட இது நிக்காது, அதான் எனக்கு பயம். நாங்க ஒரு தடவ வரி சதவீதத்த இப்படி தான் மாத்தினோம், மதியம் ஒருத்தர் அதே ரெக்கார்ட திறந்து பேர்ல ஒரு எழுத்துப்பிழைய மட்டும் திருத்தி சேவ் பண்ணாரு, ஹைபர்னேட் டிஃபால்ட்டா அந்த ரெக்கார்டோட எல்லா காலத்தையும் (column) சேத்து தான் எழுதும், கேஷ்ல இருந்த பழைய சதவீதம் திரும்ப டேட்டாபேஸ்லயே போய் உக்காந்துடுச்சு. வெர்ஷன் காலம் (நடுவுல யாராவது மாத்திட்டாங்களான்னு கண்டுபிடிக்க, ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஏறுற நம்பர்) இருந்தும் காப்பாத்தல, ஏன்னா எங்க குவெரில அத ஏத்தவே இல்ல. அதனால நேரா அப்டேட் போட்டே ஆகணும்னா வெர்ஷனையும் ஒண்ணு கூட்டுங்க, உடனே அந்த டேபிளுக்கான என்டிட்டியோட கேஷ எல்லா சர்வர்லயும் தூக்குங்க.

கேள்வி: ரெடிஸ்ல படிக்கறது ஓடுது, எழுதப்போனா மெமரி எர்ரர்.

ரெடிஸ் டேட்டாவ மெமரில வைக்கற சர்வர். அதுல மேக்ஸ்மெமரி லிமிட் வச்சிருப்பீங்க, நிறைஞ்சா எத தூக்கணும்னு சொல்ற எவிக்‌ஷன் பாலிசிய தொட்டிருக்க மாட்டீங்க. டிஃபால்ட் நோஎவிக்‌ஷன், அதாவது நிறைஞ்சா எதையும் தூக்காது, புதுச மறுத்துடும். வெறும் கேஷுக்குன்னா ஆல்கீஸ்-எல்ஆர்யூ (ரொம்ப நேரமா தொடாதத முதல்ல தூக்கும்) போடுங்க. ஆனா லாகின் செஷனும் அதே ரெடிஸ்ல இருந்தா போடாதீங்க, வேலை பாத்துட்டு இருக்கறவங்க திடீர்னு லாகவுட் ஆவாங்க. செஷனுக்கு தனி ரெடிஸ் தான் சரி.

கேள்வி: மணிக்கு ஒரு தடவ சரியா ஒரு நிமிஷம் எல்லாமே ஸ்லோ ஆகுது.

கேஷ்ல இருக்கற எல்லா கீயும் (ஒவ்வொரு டேட்டாவுக்கும் வச்ச பேர்) ஒரே நேரத்துல எக்ஸ்பைர் ஆகி மொத்த கூட்டமும் டேட்டாபேஸ் மேல விழுது. எக்ஸ்பைரி நேரத்த 60 நிமிஷம்னு ஒரே மாதிரி வைக்காம 55ல இருந்து 65க்குள்ள கலைச்சு விடுங்க.

கேள்வி: ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் சரியாயிடுது, அதையே பண்ணலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம். எந்த சர்வர்ல எந்த கீல பழசு இருந்துச்சுங்கற தடயம் அதோட போயிடும், கேஷ் காலியா எழுந்திரிக்கறதால முதல் சில நிமிஷம் டேட்டாபேஸும் திணறும். பண்ணியே ஆகணும்னா, அந்த கீ, அதுல இருந்த மதிப்பு, எவ்வளவு நேரம் பாக்கி, எந்த சர்வர், இந்த நாலையும் குறிச்சு வச்சுட்டு பண்ணுங்க.